எலக்ட்ரானிக் நடன இசையின் உட்பிரிவுகள்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், ஜங்கிள், டப்ஸ்டெப் என்று நீளும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அநேகமாக ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது, சில மனிதர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஓர் இயந்திரமும் இருக்கிறது. அவர்களைத் தெரிந்துகொண்டால் இசை தானாகப் பிடிபடும்.

எல்லாமே ஒரே 'டம் டம்' என்றுதான் கேட்கிறது. எப்படிப் பிரித்துக் கேட்பது?

மெட்டைக் கொஞ்சம் விட்டுவிட்டு டிரம்மைக் கேளுங்கள். பாட்டென்றால் மெட்டையும் வரியையும் தேடியே பழகிய காது நமக்கு. இந்த இசையின் அடையாளம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

கிக் எனப்படும் கனத்த அடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும்போது ஒவ்வொரு எண்ணிலும் சமமாக விழுகிறதா? அப்படியென்றால் அது ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் குடும்பம். இந்த நாலடி, டிஸ்கோ என்ற பழைய நடன இசை கொடுத்த சொத்து. ஃபிலடெல்ஃபியாவின் டிரம்மர் எர்ல் யங் 1970-களில் வாசித்துப் பரவிய தாளம் அது. கிக் இடம் மாறித் தாவித் தாவி விழுந்தால் அது ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ், யூ.கே. கராஜ் (லண்டனில் வளர்ந்த ஒரு நடன இசை) பக்கம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கனத்த தாழ்சுரம். ஹவுஸில் பேஸ் ஒரு பாடகரைப் போல ஏறி இறங்கும். டெக்னோவில் பல நேரம் கிக்கோடு ஒட்டிக்கொண்டு அடியில் உறுமும். டிரான்ஸில் இரண்டு கிக்குகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை நிரப்பி ஓடும். டப்ஸ்டெப்பில் பேஸ்தான் கதாநாயகன், மற்றதெல்லாம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும்.

பி.பி.எம். எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்பதுதான் பி.பி.எம். பதினைந்து விநாடிக்கு அடிகளை எண்ணி நான்கால் பெருக்கினால் கிடைத்துவிடும். ஹவுஸ் ஏறத்தாழ 118 முதல் 128 வரை, டெக்னோ 125-இலிருந்து 145 வரை, டிரான்ஸ் 130-க்கு மேல், டப்ஸ்டெப் 140, ஹார்ட்ஸ்டைல் 150, டிரம் அண்ட் பேஸ் 170-ஐ ஒட்டி. ஆனால் எண் ஏமாற்றும். டப்ஸ்டெப்பின் வேகம் 140 என்றாலும் 'சடக்' என்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம் மூன்றாவது அடியில் மட்டும் விழுவதால் உடம்புக்கு அது 70 போலத்தான் படும். அதே 140-இல் ஒரு டிரான்ஸ் பாட்டு உங்களை ஓடவைக்கும்.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சிகாகோவிலிருந்து. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1977-இல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப் திறந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜே. வந்தவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், பலர் தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே மதிப்புக் கிடைக்காதவர்களுக்கு ஆட ஓர் இடம் அது. அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில், காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ ரெகார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு ரேடியோ தொகுப்பாளர் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போனது. பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்ட காலம் அது. வேர்ஹவுஸில் மட்டும் ஆட்டம் நிற்கவில்லை. புதிய டிஸ்கோ ரெகார்டுகள் குறைந்தபோது நக்கிள்ஸ் பழையவற்றையே டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார், அடியில் டிரம் மெஷினை (டிரம் ஒலிகளை எழுப்பும் மின்னணுப் பெட்டி) சேர்த்தார். அதைக் கேட்ட உள்ளூர்ப் பையன்கள் மலிவாகக் கிடைத்த, ஜப்பானிய நிறுவனமான ரோலண்டின் இயந்திரங்களை வைத்து வீட்டிலேயே பாட்டுச் செய்யத் தொடங்கினார்கள். 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட ரெகார்டைத்தான் முதல் ஹவுஸ் ரெகார்ட் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

கேட்க ஆரம்பிக்க சிகாகோவின் லாரி ஹேர்டைச் சொல்வேன். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் 1986-இல் அவர் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' பாட்டில் ஒரு டிரம் மெஷின், ஒரு பேஸ், மேலே மிதக்கும் சில கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்), அவ்வளவுதான். டீப் ஹவுஸ் என்ற கிளையின் வேர் அது. ஏறத்தாழ நாற்பது வருஷம் ஆகிறது, இன்னும் பழசாகவில்லை.

ஆசிட் ஹவுஸ் என்றால்?

பொரிவதும் நெளிவதும் அழுவதுமாக ஒரு பேஸ் ஒலி கேட்டால், அது டிபி-303. ரோலண்ட் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த சின்னப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்காரருக்கு பேஸ் வாசிக்கத் துணையாக இருக்கட்டும் என்று செய்தார்கள். உண்மையான பேஸ் கிதார் போல அது ஒலிக்கவே இல்லை. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் கை விலையில் கிடைத்த அந்தப் பெட்டியை சிகாகோவின் ஃபியூச்சர் குழு வாங்கி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகியது. அப்படிப் பிறந்தது 'ஆசிட் டிராக்ஸ்', வெளிவந்தது 1987-இல். மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டி அதை ஒரே இரவில் நான்கு முறை போட்டாராம். முதல் தடவை ஆட ஆளில்லை, நான்காவது தடவை கூட்டம் கொந்தளித்தது என்று அந்தக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள்.

இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற ஆல்பம் வெளியிட்டார். டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சின்தசைசர், பைரவி முதலான பத்து ராகங்கள். அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் அசந்துபோனது, ஏனென்றால் அது ஆசிட் ஹவுஸ் போலவே ஒலிக்கிறது, சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்பே! ஆசிட் ஹவுஸை இந்தியர்தான் கண்டுபிடித்தார் என்று இதைத் திரிக்க வேண்டாம். சிகாகோக்காரர்கள் அதைக் கேட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை. ராகத்தின் சுரங்களை வழுக்கிக்கொண்டே வாசிக்க அந்தப் பெட்டி தோதாக இருந்தது என்பதை அவர் தன் காதால் கண்டுகொண்டார். அந்தப் பெருமையே போதும். 2015-இல் மறைவதற்கு முன் ஐரோப்பிய மேடைகளிலும் இந்த இசையை வாசித்தார்.

டெக்னோவும் ஹவுஸும் எப்படி வேறு?

ஹவுஸ் சிகாகோ, டெக்னோ டெட்ராய்ட். ஹவுஸில் டிஸ்கோவின் ஆன்மா தெரியும், தேவாலயப் பாடல்களின் சாயல் தெரியும். டெக்னோவில் கார் தொழிற்சாலை ஊரின் இரும்பும் எதிர்காலக் கனவும் தெரியும்.

டெட்ராய்டை அடுத்த பெல்வில்லில் ஒன்றாகப் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற உள்ளூர் ரேடியோ டிஜே ஜெர்மனியின் எலக்ட்ரானிக் இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க் இசையையும் அடுத்தடுத்துப் போடுவார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். ஃபங்க் கலைஞர் ஜார்ஜ் கிளின்டனும் கிராஃப்ட்வெர்க்கும் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டது போன்றது தங்கள் இசை என்று டெரிக் மே சொன்னார். 1988-இல் பிரிட்டனில் இவர்களுடைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் 'டெக்னோ' என்ற பெயர் உலகுக்கு நிலைத்தது.

பிறகு பெர்லின். சுவர் விழுந்தபின் கிழக்குப் பகுதியில் ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில் கிளப்புகள் முளைத்தன. ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலவறைப் பெட்டகத்தில் 1991-இல் தொடங்கிய ட்ரெஸார் கிளப், டெட்ராய்டின் ஜெஃப் மில்ஸ் போன்றவர்களின் ரெகார்டுகளைத் தன் சொந்த ரெகார்ட் லேபிளிலேயே (வெளியீட்டு நிறுவனம்) வெளியிட்டது. பெர்லினின் டெக்னோ கலாச்சாரத்தை 2024-இல் ஜெர்மனி தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல விஷயம்தான். டெக்னோ என்றாலே பெர்லின் என்று நினைப்பவர்கள் டெட்ராய்டை மறந்துவிடக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இரண்டும் ஒன்றா?

தாயும் பிள்ளையும் என்று வைத்துக்கொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் லண்டனில், ரேவ் எனும் விடியவிடிய நடக்கும் பெரும் நடன விருந்துகளின் இசையும், பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் ஜமைக்காக் குடியேறிகளின் சவுண்ட் சிஸ்டம் மரபும் கலந்ததில் வந்தது ஜங்கிள். வேகமாக நொறுக்கிய டிரம், அதன் அடியில் ரெக்கே வேகத்தில் நிதானமாக நகரும் பேஸ். இரண்டு வேகம் ஒரே பாட்டில் இருப்பதால் வேகத்துக்கும் ஆடலாம், நிதானத்துக்கும் ஆடலாம். ஓசையை மெருகேற்றி, டிரம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனபோது டிரம் அண்ட் பேஸ் ஆனது. இதன் முன்னோடிகளில் ஒருவரான கோல்டியின் 'டைம்லெஸ்' ஆல்பம் 1995-இல் வந்தது. 1997-இல் பிரிஸ்டலின் ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்க்குரி விருதை வாங்கினார்கள்.

ஜங்கிளைப் பற்றிப் பேசும்போது ஒரு டிரம்மரின் பெயரைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. கிரெகரி கோல்மன். வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-இல் ஒரு ரெகார்டின் பி-பக்கத்துக்காக 'ஆமென், பிரதர்' என்ற பாட்டை வாசித்தது. நடுவில் எல்லோரும் நிறுத்த, கோல்மன் மட்டும் நான்கு தாள வட்டம் (ஒரு வட்டத்துக்கு நான்கு அடி) தனியாக வாசிக்கிறார். ஆறு விநாடி அளவுதான். அந்தத் துண்டை ரெகார்டிலிருந்து நகலெடுத்து (இதைத்தான் சாம்பிள் என்பார்கள்), வேகம் கூட்டி, துண்டு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கியதில்தான் ஜங்கிள் பாட்டுகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. கோல்மனுக்கு ஒரு காசு கூடப் போகவில்லை. 2006-இல் வீடில்லாதவராக இறந்தார். 2015-இல் ரசிகர்கள் நிதி திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார்கள், அது போய்ச் சேர்ந்தது குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு. ஜங்கிள் கேட்கும் எவரும் அந்த மூலப் பாட்டை ஒருமுறையாவது கேட்க வேண்டும். அதன் பிறகு அந்த ஸ்நேர் ஒலி எங்கே வந்தாலும் காது பிடித்துக்கொள்ளும்.

இந்த இசையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. பிரிட்டனில் திறந்தவெளி ரேவ்களை ஒடுக்க 1994-இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டத்தில், 'திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடர்ச்சி' கொண்ட ஒலி என்ற பொருளில் ஒரு வரையறையே இருந்தது. அதற்குப் பதிலாக ஆடெக்கர் என்ற இருவர் குழுவினர் எந்த இரண்டு தாள வட்டமும் ஒன்று போல இல்லாத ஒரு பாட்டைச் செய்து வெளியிட்டார்கள். நடன இசையில் நான் மிகவும் மதிக்கும் எதிர்ப்புகளில் ஒன்று அது.

டப்ஸ்டெப் என்று தேடினால் சில பாட்டுகள் அமைதியாகவும் சில அலறலாகவும் இருக்கின்றனவே?

இரண்டு தலைமுறை அது. 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் க்ராய்டனில், பிக் ஆப்பிள் என்ற ரெகார்ட் கடையைச் சுற்றி ஸ்க்ரீம், பெங்கா போன்ற பதின்வயதுப் பையன்கள் உருவாக்கியது முதல் வகை. கராஜ் இசையிலிருந்து பாட்டையும் பளபளப்பையும் உருவி எடுத்துவிட்டு, இருட்டையும் பேஸையும் மட்டும் வைத்தார்கள். 2006 ஜனவரியில் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி ரேடியோ 1-இல் இவர்களை எல்லாம் ஒரே நிகழ்ச்சியில் கூட்டிய பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷம் லண்டன் கலைஞர் பரியலின் 'அன்ட்ரூ' வந்தது. இரவில் தனியாகக் கேட்க அதைவிடச் சிறந்த ஆல்பம் எனக்குத் தெரியவில்லை.

அலறும் வகை அமெரிக்காவில் பெரிதானது. 2010-இல் அமெரிக்க டிஜே ஸ்க்ரில்லெக்ஸ் வந்தார், 2012-இல் மூன்று கிராமி வாங்கினார். பழைய ரசிகர்கள் அதை ஏளனம் செய்வதுண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. பேஸின் நடு அலைவரிசையை வைத்து அவர் செய்யும் ஒலிச் செதுக்கல் கடுமையான உழைப்பு. ஆனால் இரண்டும் வேறு வேறு இசை என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

டிரான்ஸ் என்றாலே கோவாதானா?

கோவா ஒரு கிளை. டிரான்ஸ் 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃபிராங்க்ஃபர்ட்டில் உருவானது. நடுவில் டிரம் நின்று, மெட்டு மட்டும் மெல்ல விரிந்து, பிறகு கிக் திரும்பி வரும்போது கூட்டமே கை தூக்கும் அந்த பிரேக்டவுன்தான் அதன் உயிர். மெட்டுக்குப் பழகிய தமிழ்க் காதுக்குச் சுலபமாக உள்ளே நுழைய டிரான்ஸ் நல்ல வாசல் என்று நினைக்கிறேன்.

கோவா டிரான்ஸ் அஞ்சுனா கடற்கரைப் பார்ட்டிகளிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்து அங்கேயே வாழ்ந்த கோவா கில் அதன் மூத்த டிஜே, 2023-இல் காலமானார். வெயிலிலும் புழுதியிலும் ரெகார்டுகள் தாங்காது என்பதால் கேசட்டும் பிறகு டேட் எனும் டிஜிட்டல் டேப்பும் பயன்படுத்தினார்கள். டேப்பில் வேகத்தைப் பொருத்திக் கலப்பது கஷ்டம், அதனால் ஒவ்வொரு பாட்டும் தனியே ஒரு நீண்ட பயணமாக இருக்க வேண்டியதாயிற்று. இன்றைய சைட்ரான்ஸ் (சைக்கடெலிக் டிரான்ஸ்) அதன் வாரிசு. இஸ்ரேலில் அது பெரிய அளவில் வேரூன்றியது.

முதல் ஒரு நிமிடம் வெறும் டிரம்தான் ஓடுகிறது. ஏன்?

அந்தப் பாட்டு தனியாகக் கேட்கச் செய்யப்பட்டதல்ல என்பதால். டிஜே ஒரு பாட்டின் முடிவின் மேல் அடுத்த பாட்டின் தொடக்கத்தைப் பொருத்துவார். இரண்டு மெட்டும் மோதாமல் இருக்க ஓரங்களில் டிரம் மட்டும் விடுகிறார்கள். பாட்டுக்குள் மாற்றங்கள் பெரும்பாலும் 8, 16, 32 தாள வட்டங்களுக்கு ஒருமுறை வரும். 128 பி.பி.எம். பாட்டில் 16 வட்டம் என்பது சரியாக 30 விநாடி. எண்ணிப் பாருங்கள், அடுத்த ஒலி எப்போது நுழையும் என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் தனிப் பாட்டுகளை விட ஒரு மணி நேர டிஜே மிக்ஸ் கேட்பதைப் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

போன் ஸ்பீக்கரில் கேட்கலாமா?

வேண்டாம். டப்ஸ்டெப்பின் சப்-பேஸ் (மிகத் தாழ்ந்த பேஸ்) 40, 50 ஹெர்ட்ஸில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது, பாட்டில் பாதி காணாமல் போகும். சுமாரான ஹெட்போன் போதும். கிளப்பிலோ விழாவிலோ ஸ்பீக்கர் பக்கம் நிற்பதானால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். காது போனால் திரும்ப வராது.

ஒரே 'புரோகிரெசிவ் ஹவுஸ்' என்ற பெயரில் இரண்டு பாட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எது அசல்?

டிஜேக்கள் சாஷா, ஜான் டிக்வீட் பெயர்களோடு வருவது பழையது, 1990-களின் பிரிட்டன்: நீளமானது, மெதுவாகக் கட்டி எழுப்புவது. 2010-ஐ ஒட்டி ஸ்வீடிஷ் ஹவுஸ் மாஃபியா, அவீச்சி காலத்தில் அதே பெயர் விழா மேடைகளின் பெரிய கோரஸ் பாட்டுகளுக்குப் போய்விட்டது. வருடத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஹார்ட்ஸ்டைல், கேபர்?

நெதர்லாந்து. ராட்டர்டாமின் கேபரில் ரோலண்டின் டிஆர்-909 டிரம் மெஷினின் கிக்கைச் சிதையும்வரை ஏற்றுவார்கள், வேகம் 160-ஐத் தாண்டும். ஹார்ட்ஸ்டைல் அதன் கொஞ்சம் நிதானமான, மெட்டுள்ள உறவு. நான் அதிகம் கேட்பதில்லை.

இப்போது புதிதாக எதைக் கேட்கலாம்?

அமபியானோ. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா சுற்றுப்பகுதிகளிலிருந்து 2010-களில் எழுந்த தென்னாப்பிரிக்க இசை. 110-ஐ ஒட்டிய வேகம், ஷேக்கர், பியானோ, 'லாக் டிரம்' எனும் வழுக்கி அதிரும் பேஸ். நாலடி கிக்கை அது பல இடங்களில் விட்டுவிடுகிறது, அந்த வெற்றிடமே ஆடவைக்கிறது. சிகாகோவின் ஃபுட்வொர்க்கையும் தவறவிடாதீர்கள். 160 வேகத்தில் கால்களுக்கென்றே செய்த இசை அது. டிஜே ரஷாத் 2013-இல் வெளியிட்ட 'டபுள் கப்' நல்ல தொடக்கம்.

தமிழர் யாராவது இதில் இருக்கிறார்களா?

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, போருக்குத் தப்பி மீண்டும் லண்டன் சென்றவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் ஆரம்பித்தார். 2005-இல் 'அருளர்', 2007-இல் 'கலா', முதலாவது தந்தையின் இயக்கப் பெயர், அடுத்தது தாயின் பெயர். இரண்டாவது ஆல்பத்துக்காகச் சென்னையில் பதிவுசெய்த உருமி மேளம் லண்டன் பேஸோடு மோதுவதைக் கேட்டால் சிலிர்க்கும்.

ஒரு பாட்டை நான் டெக்னோ என்கிறேன், நண்பர் ஹவுஸ் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். கெவின் சாண்டர்சன் இன்னர் சிட்டி என்ற பெயரில் செய்த 'பிக் ஃபன்' மேலே சொன்ன 1988 டெக்னோ தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் பாடகி பாரிஸ் கிரேயின் குரலும் அந்தக் கார்டுகளும் ஹவுஸ் கிளப்பில் எவரையும் ஆடவைக்கும். அதைப் போட்டு இருவரும் சேர்ந்து கேளுங்கள். முதலில் கிக், அப்புறம் பேஸ், அப்புறம் அது எந்த ஊர், எந்த வருடம். அதற்குப் பிறகும் சண்டை தீரவில்லை என்றால், அடுத்த ரெகார்டைப் போடுங்கள்.